வராதவரின் பங்கு

அன்று மதியம் அறையில் இருந்தவர்கள் நானும் சுபோத்தும். இல்லாதவர்கள் அக்காவும் ரெஜினாவும். அக்கா அந்தமானுக்குத் தெற்கே கடைசித் தீவிலுள்ள கேம்பல் பேயிலிருந்து திரும்பிவரும் கப்பலில் இருந்தார். ரெஜினா என்று ஒருவர் இருப்பதே அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

இப்படி ஆரம்பிப்பது என் பழக்கமில்லை, அக்காவின் பழக்கம். அவருடைய விஞ்ஞானக் கதைகள் எல்லாமே இப்படித்தான் தொடங்கும்: கலத்தில் ஏறியவர்கள் யார், ஏறாதவர் யார். கதை முடியும்போது அந்தப் பயணத்துக்கு ஆன மொத்தச் செலவு வரும். பெரும்பாலும் அது பணமாக இருக்காது. இத்தனை உருளை பிராணவாயு, இத்தனை வருட ஆயுள், மறந்துபோன ஒரு மொழி என்று ஏதாவது இருக்கும். ஆறு வருடம் அந்தக் கதைகளோடு குடியிருந்ததில் எனக்கும் தொற்றிக்கொண்டது. திங்கட்கிழமை முதல் அக்காவின் கதைத் தளத்தைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருவரும் அந்த மேசைகளில் உட்காரப்போகிறீர்கள். உங்களுக்கும் தொற்றும்.

இருபத்தொன்பது வயதுக்காரன் 'நான் வேலையில் இருந்த காலத்தில்' என்று எழுதினால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது; கேம்பல் பேயில் போஸ்டிங். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். இப்போது அங்கேயே சம்பளம் வாங்கப்போகிறேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அப்ப இனிமே உன்ன யாரும் பெயிலாக்க ஏலாது" என்றார்.

தளத்தின் கடவுச்சொல், பழைய எழுத்துருவை மாற்றும் முறை, கோப்புகளைச் சுருக்குவது, இதையெல்லாம் சுபோத் சொல்லித் தருவான். நான் அந்த ஒரு மதியத்தை மட்டும் எழுதுகிறேன்.

உங்களுக்கு அக்காவைக் கப்பல் ஏறும் ஜெட்டியில் கேட்டே தெரிந்திருக்கும், முகம் பார்க்கும் முன்பே. கப்பல் புறப்படுவதற்கு முன் இன்னும் ஏறாத பயணிகளின் பெயரை மைக்கில் கூப்பிடும் குரல் அவருடையது. ஹிந்தியில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, கடைசியாகப் பெயரை மட்டும் ஒரு முறை. பணி முடிந்து டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு வந்து, தொண்டைக்கு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கதை எழுதுவார். எழுதியதைத் தன் தளத்தில் ஏற்றுவார். நான் சேர்ந்த புதிதில் இங்கே இன்டர்நெட் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு கதையை ஏற்றக் கொடுத்துவிட்டுச் சோறு வைத்து இறக்கலாம். அதனால்தான் அந்தத் தளத்தில் படமே இல்லை, எழுத்து மட்டும்.

என் வேலை டேக் போடுவது. எந்தக் கதையில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, படிக்க வருகிறவர்களுக்கு வழி காட்டுவது. முதல் மாதம் ஒரு கதைக்கு 'தனிமை' என்று போட்டேன். அக்கா கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்து திரையைப் பார்த்தார்.

"இது யாருடா போட்டது?"

"நான்தான்க்கா."

"இந்தக் கதையில யாராவது தனிமைன்னு சொன்னாங்களா?"

"சொல்லலக்கா. ஆனா அந்தப் பொண்ணு அவ்வளவு பெரிய கலத்துல ஒத்தையா..."

"ஒத்தையா என்ன பண்றா?"

"கருவாடு பொரிக்கிறாக்கா."

"அப்ப கருவாடுன்னு போடு."

அப்படித்தான் 'கருவாடு' என்ற டேக் வந்தது. போட்டுவிட்டுத் தேடினால், அக்காவின் முக்கால்வாசி விண்கலங்களில் கருவாடு வாடை அடிக்கிறது. ஒரு கதையில் வேற்றுக்கிரகத்து ஆள் இறங்கி வந்து கேட்கும் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். அடுத்தது, தாமதமாக வரும் சேதி. பையன் அனுப்பியது பேரன் காலத்தில் வந்து சேரும். அது எங்கள் பழைய இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு, மூன்று மொழியில் அறிவிப்புச் சொல்லி மூன்றிலும் தப்புச் செய்யும் இயந்திரங்கள்.

ஒன்றுக்கு மட்டும் நான் டேக் போடவில்லை. எல்லாக் கதையிலும் அது இருந்தது. ஒருவரின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். வர மாட்டார். கதவை மூடிவிடுவார்கள். கலம் போய்விடும். ஆனால் அவருடைய படுக்கையை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். சாப்பாட்டில் அவருக்கும் ஒரு தட்டு எடுத்து மூடிவைப்பார்கள். காற்று தீர்ந்துகொண்டிருக்கும், ஐந்து பேர் மூச்சுக்குத் திணறுவார்கள், ஆறாவது உருளையைத் தொட மாட்டார்கள். இன்னொரு கதையில் ஒருவன் பசி தாங்காமல் வராதவரின் சாப்பாட்டு டின்னைத் திறந்துவிடுவான். கலம் இறங்கும்வரை மற்றவர்கள் அவனோடு பேசவே மாட்டார்கள். கடைசியில் வரும் செலவுக் கணக்கும் வராதவரைச் சேர்த்துத்தான் இருக்கும். இதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தேன். அக்காவும் நிரப்பச் சொல்லவில்லை.

அந்த வருடம் தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனம் பழைய மலிவுத் திட்டத்தை நிறுத்தப்போவதாக எழுதியது. மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்க்கவேண்டும், அல்லது கூடப் பணம் கட்டவேண்டும். அதுவும் அந்த ஒரு வருடத்துக்குத்தான்; பிறகு ஒவ்வொரு வருடமும் இதே கவலை. அந்த நேரம் பார்த்து மெயின்லேண்டில் ஒரு மின்னூலகத்தின் ஆசிரியர், முழுத் தளத்தையும் தாங்களே எடுத்துவைத்துக்கொள்வதாகச் சொன்னார். எப்போதைக்குமாக. செலவு இல்லாமல். அவர்களுடைய கமிட்டி ஒப்புக்கொண்டால் போதும். அக்கா அன்று வீட்டில் பாயசம் வைத்தார். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு கேம்பல் பே போனார். திரும்பும் கப்பலைக் காற்று காரணமாக நடுவில் நிறுத்திவைத்தார்கள். கடல் நடுவில் சிக்னல் ஏது? அந்த மதியத்தில்தான் மின்னூலக ஆசிரியர் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க தீம்ஸ் பக்கம் பார்த்தேன். கருவாடு, தாமதம், மைக்... நல்லா இருக்கு. ஆனா மையம் இல்லையே."

"மையம்னா சார்?"

"அந்த வராத ஆள். ஒவ்வொரு கதையிலயும் இருக்கு, நீங்க பேரே வைக்கல. அது சுனாமிதானே? அந்தமான்லேருந்து எழுதுறாங்க, எல்லாக் கதையிலயும் ஒருத்தரைக் காணோம். வேற என்னவா இருக்கமுடியும்?"

"அக்கா அப்படிச் சொன்னதில்ல சார்."

"எழுதுறவங்க சொல்ல மாட்டாங்க. படிக்கிறவங்கதான் சொல்லணும். நாலு மணிக்குக் கமிட்டி உக்காருது. அவங்க கேக்குற முதல் கேள்வி, இத ஏன் எடுத்து வைக்கணும்ங்கிறதுதான். முதல் வரியில அந்த ஒரு வார்த்தை இருந்தா நான் பேசிக்குவேன்."

"அக்கா கப்பல்ல இருக்காங்க. கேக்க வழி இல்ல சார்."

"அப்ப நீங்கதான் முடிவு பண்ணணும். நீங்க கச்சால் தீவுன்னு சொன்னீங்கல்ல? உங்களுக்குத் தெரியாததா தம்பி?"

அவர் கெட்டவர் இல்லை. அக்காவின் கதைகளில் இருந்த அச்சுப்பிழைகளை ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பியவர் அவர்தான். அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் அவற்றைப் படித்ததில்லை. கமிட்டியிடம் எது எடுபடும் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு உதவத்தான் அவசரப்பட்டார். அதனால்தான் அவரிடம் மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது.

போனை வைத்தபோது மணி இரண்டரை. கரண்ட் இல்லை. லேப்டாப்பில் சார்ஜ் பாதிக்குக் கீழே. சுபோத் டிக்லிபூர் பெங்காலி. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அக்காவின் கதை எல்லாம் நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

"அரே பாய், எளுது. ஒரு வார்த்தைதானே? சைட் பச் ஜாயேகா" என்றான். தளம் பிழைத்துவிடும் என்கிறான்.

"அக்கா கேட்டா?"

"தீதீ திட்டும். ஒரு வாரம் திட்டும். அப்புறம் சைட் இருக்கும், தீதீயும் இருக்கும். எளுதலன்னா தீதீ மட்டும் இருக்கும். என்னயும் உன்னயும் பாத்துக்கிட்டே இருக்கும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நான் தட்டச்சு செய்தேன். 'சுனாமியில் இழந்தவர்களுக்கான தீராத துயரமே இந்தக் கதைகளின் மையம்.' எழுதிய பிறகு படித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. நான் எழுதிய வரிதானா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு நன்றாக இருந்தது.

அனுப்பும் இடத்தில் விரலை வைத்தபோது எனக்கு எங்கள் வீட்டு அரிசி ஞாபகம் வந்தது.

நாங்கள் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தாத்தா காலத்தில் கச்சாலில் ரப்பர் வெட்டக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தார். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் போனவர் திரும்பவில்லை. எனக்கு எட்டு வயது. பிறகு தகரக் கொட்டகையில் இருந்தோம். முதல் தடவை அரிசி கொடுத்த அன்று அம்மா உலைக்கு அளந்தார். எப்போதும் அளப்பது போல அளந்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பிடியைத் திரும்ப எடுத்துச் சாக்கில் போட்டார். அப்பா அதைப் பார்த்தார். அத்தை செத்துப்போனது எனக்கு அந்தப் பிடி அரிசியில்தான் தெரிந்தது. வருடத்துக்கு ஒரு நாள் அவருக்குப் படையல் வைக்கிறோம். ஆனால் அன்றாடச் சோற்றில் அவருக்குப் பங்கு இல்லை. ரேஷன் கார்டிலும் பெயரை அடித்தாயிற்று. செத்தவர்களோடு வாழ்வது அப்படித்தான். வேறு வழி கிடையாது.

அக்காவின் கதைகளில் யாருமே அந்தப் பிடியைத் திரும்பச் சாக்கில் போடவில்லை.

மூச்சு முட்டும்போதுகூட ஆறாவது உருளையைத் தொடாத ஆட்கள், அது செத்தவருடையது என்றால் தொட்டிருப்பார்கள். அழுதுகொண்டே தொட்டிருப்பார்கள். வராதவர் உயிரோடு இருக்கிறார். எந்த நேரமும் கதவைத் தட்டுவார் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்காவைக் கேட்காமல், அவர் கடலில் இருக்கும்போது, அவர் வீட்டில் ஒரு சாவை அறிவிக்க எனக்கு என்ன உரிமை?

எழுதிய வரியை அழித்தேன். சுபோத் தலையில் கையை வைத்துக்கொண்டான். அந்தக் காலி இடத்தில் இப்படி எழுதி அனுப்பினேன்: 'பெயர் கூப்பிட்டும் வராத ஒருவர். அவருடைய பங்கு எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கதைகளில் யாரும் சாகவில்லை.'

ஆசிரியர் கூப்பிட்டார். "தம்பி, இது கமிட்டியில நிக்காது."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்?"

"கதையில இருக்கறது இவ்வளவுதான் சார்."

மூன்று வரியையும் ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். "சரி. இதையே காட்டிப் பாக்கறேன்" என்றார். காட்டியிருக்கிறார். அதை அவர் செய்யாமல் விட்டிருக்கலாம். சாயங்காலம் பதில் வந்தது: இப்போதைக்கு எடுத்துக்கொள்ள இயலவில்லை.

கப்பல் எப்போது வரும் என்று ஜெட்டியில் விசாரித்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்குப் போன் போட்டேன், அவரிடமும் சொல்லவில்லை. சுபோத் மட்டும் நடுநடுவே, "தீதீ திட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான், ஆறுதலுக்கு.

ஜெட்டிக்கு இருவரும் போனோம். தூறிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தேங்காயெண்ணெய்க் கேனுமாக இறங்கினார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ரெண்டு பேரும் சேந்து வந்து நிக்கிறீங்கன்னா சர்வர் போயிடுச்சுன்னு அர்த்தம். சொல்லுங்க."

"தீதீ, இவன் மேல கோவம் வேணாம்" என்றான் சுபோத்.

"வேணுமா வேணாமான்னு நான் பாத்துக்கறேன். நீ கேனப் பிடி."

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். இறங்குகிற கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது.

"கிறுக்குப் பயலே" என்றார் அக்கா. "இருந்த ஒரே வழியையும் அடச்சுட்டு வந்து நிக்கிற. அந்த வார்த்தையப் போட்டிருந்தா என்ன கொறஞ்சுபோயிருக்கும்? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. நெனச்சுட்டுப் போங்கன்னு நான் விடலையா?"

"அவங்க நெனைக்கிறது வேறக்கா. நம்ம பக்கத்துல நாமளே போடறது வேற."

"பெரிய நியாயஸ்தன். என்னதான் எழுதுன? அதச் சொல்லு."

மூன்று வரியையும் சொன்னேன். அக்கா சுபோத்தின் கையிலிருந்து கேனை வாங்கிக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

"யாரும் சாகலன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

அத்தையைச் சொன்னேன். அரிசியைச் சொன்னேன். இந்த ஆறு வருடத்தில் நான் அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் கேட்டுவிட்டு, தூறலில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆளு யாருன்னு கண்டுபிடிச்சியா?"

"இல்லக்கா. உங்களுக்கு வேண்டியவங்க யாரோ மெயின்லேண்ட் போயிட்டு, திரும்பி வராம..."

"போகாம நின்னவ நான்டா."

எனக்குப் புரியவில்லை.

"ரெஜினான்னு ஒருத்தி. என்கூடப் படிச்சவ. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் மொத கதை எழுதுனோம், கணக்குக் கிளாஸ்ல. ரெண்டு பேருக்கும் சென்னையில காலேஜ் கெடச்சுது. ஒரே கப்பல், பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. கப்பல் சாப்பாட்டு டோக்கன் ரெண்டு பேரோடதும் அவகிட்டதான் குடுத்து வெச்சிருந்தேன். நான் எதையும் தொலைச்சிடுவேன்னு அவதான் வாங்கி வெச்சுக்கிட்டா. அன்னிக்கு நான் பெட்டியோட மரைன் ஹில் வரைக்கும் வந்தேன். அங்கேருந்து பாத்தா கப்பல் தெரியும். மைக்கு கேக்கும். எம் பேரக் கூப்புட்டாங்க. மூணு தடவ."

"ஏன்க்கா போகல?"

"அப்பா வேணாம்னாருன்னு சொல்லிக்கலாம். அது பொய்யில்ல. ஆனா அவரு வீட்லதான் இருந்தாரு. நான் ரோட்ல நின்னேன். காலு போகல. அவ்வளவுதான்." கொஞ்சம் சிரித்தார். "அப்புறம் அதே மைக்குல எனக்கே வேல கெடச்சுது."

சுபோத் மெதுவாக, "ரெஜினா எங்க இருக்கு இப்ப?" என்றான்.

"தெரியாது. அவ எழுதல. நானும் எழுதல. எழுதறதுன்னா போகாததுக்குக் காரணம் சொல்லணுமே."

"ஃபேஸ்புக்ல தேடு தீதீ. கெடைக்கும்."

"கெடைப்பாடா. அதான் பயம்." பிறகு என்னைப் பார்த்தார். "மூணு நாள் பயணம். எம் பங்கு டோக்கன் அவகிட்ட இருந்துச்சு. அத என்ன பண்ணியிருப்பா? கிழிச்சுக் கடல்ல போட்டிருப்பாளா? வேற யாருக்காவது குடுத்திருப்பாளா? இல்ல, வேளா வேளைக்குப் போயி எனக்கும் ஒரு தட்டு வாங்கிப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தின்னிருப்பாளா? இத்தன வருஷமா எழுதுறது பூராம் இது ஒண்ணுதான். கிரகத்த மட்டும் மாத்திக்கிட்டே இருக்கேன்."

இதை உங்களுக்குக் கொடுப்பதற்கு முன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு இடத்தில் திருத்தினார். அந்த ஜெட்டியில் அவர் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். "மழை பேஞ்சுச்சு. எண்ணெய்க் கேன்மேல உக்காந்தேன். அத எழுது, போதும்" என்றார். நீங்கள் டேக் போடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கதையில் இருப்பதைப் போடுங்கள். நேரம் நெருக்கும்போது, நல்ல மனிதர் ஒருவர் உதவி செய்வதற்காகவே ஒரு வார்த்தையை நீட்டும்போது, இன்னும் கவனமாகப் போடுங்கள். நான் நினைத்ததில் பாதி தப்பு. வராதவர் யார் என்று நான் ஊகித்து எழுதியிருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும். எழுதாமல் விட்டதால்தான் அந்த மூன்று வரி இன்றும் தளத்தில் நிற்கிறது. அதை மாற்றாதீர்கள். தளத்துக்கு ஒவ்வொரு வருடமும் பணம் தேடவேண்டியிருக்கிறது. அந்தக் கவலையும் உங்களுக்கு வருகிறது.

புதன்கிழமை எனக்குக் கப்பல். மைக்கில் அன்று அக்காவுக்குத்தான் டியூட்டி. என் பெயரை அவர் கூப்பிடும்படி வைத்துக்கொள்ள மாட்டேன். முதல் ஆளாக ஏறிவிடுவேன்.

அன்று ஜெட்டியிலிருந்து வெளியே வந்து டீக்கடையில் ஒதுங்கினோம். அக்கா, "இப்ப எவ்வளவுடா கட்டணும்?" என்றார். சுபோத் போனைப் பார்த்து, சர்வரும் டொமைனும் சேர்த்து ஒரு வருடத்துக்கு ஆறாயிரத்து நானூறு என்றான். மூன்றால் வகுக்க ஆரம்பித்தான்.

"மூணா? எதுக்கு மூணு?" என்றார் அக்கா. "நாலால வகு. அவ வெச்சாளோ இல்லையோ எனக்குத் தெரியாது. நாம அவளுக்கு வைப்போம்."

நான் என் பங்கை அனுப்பினேன். சுபோத்தின் போன் ஒரு முறை ஒலித்தது. அக்கா அனுப்பினார், ஒலித்தது. சுபோத் போனைப் பையில் வைக்கப்போனான்.

"இருடா" என்று அக்கா மறுபடியும் போனைத் தட்டினார். சேர்த்து அனுப்பியிருக்கலாம். தனியாகத்தான் அனுப்பினார். சுபோத்தின் போன் இன்னொரு முறை ஒலித்தது.

இருந்தவர்கள் மூன்று பேர். ஆன செலவு, மொத்தம் ஆறாயிரத்து நானூறு ரூபாய். தலைக்கு ஆயிரத்து அறுநூறு, நான்கு தலைக்கு.